என் தம்பி குடித்த கலரும் அதற்கு நான் போட்ட வரியும்

1

இன்று காலை கடையில் எனக்கு முன்னால் நின்றவர், கூடையில் எடுத்து வைத்திருந்த ஆரஞ்சு பாட்டிலை விலைச்சீட்டோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். ஒரு முணுமுணுப்பு இல்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற சாதாரண மனிதர். அவர் போன பிறகும் நான் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லாவில் இருந்த பெண் என்னை இரண்டு தடவை பிரெஞ்சில் "மிசியே" என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

நான் வாழும் இந்தப் பிரான்சில் இனிப்புக் குடிபானத்துக்கு வரி உண்டு. பாட்டிலில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வரியும் அதிகம். அந்த வரி வந்த புதிதில் அதைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். "தின்றதுக்கு வரி, குடிக்கிறதுக்கு வரி, மூச்சு விடறதுக்கு எப்போ?" என்று வீட்டில் கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை. அதே வரி நம்மூரிலும் வர வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு மணியை அதற்காகவே தள்ளுகிறேன். கடவுளிடம் வரி கேட்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஏன் இப்படி ஆனேன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சம்பவம் நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

நான் படித்தது எட்டாவது வரை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவன். என் மனைவி வீட்டாருக்குப் பிரெஞ்சு பப்பியே, அதாவது குடியுரிமைக் காகிதம், இருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். பாரீசுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருடம் தட்டு கழுவினேன். தட்டு கழுவுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு மேசையிலும் ஜக்கில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. 'இவ்வளவு பெரிய நாடு, பிள்ளைகளுக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுக்க வக்கில்லையா' என்று முதல் வருடம் முழுக்க நான் மனசுக்குள் சிரித்தேன்.

2

போன வருடம் தம்பி லூர்து வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் போகிற முதல் பயணம் அது. மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். அவன் முத்தியால்பேட்டையில் இரண்டு சக்கர வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மனைவி பிலோமினா. ஒரே மகள் ரோசி, கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

போன அன்று கட்டிப் பிடித்துக்கொண்டோம். பைக்குள்ளிருந்து சாமான்களை எடுத்து வைத்தேன். அவன் நொண்டி நடப்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

"என்னாடா கால்ல?"

"ஒண்ணுமில்லண்ணே. சைலன்சர் சுட்டுடுச்சி."

"எப்போ?"

"தெரியல."

சூடு பட்டது எப்போது என்று தெரியாத மனிதன் உண்டா? பெட்ரோல் வாசனை அடிக்கும் பழைய துணியை அவிழ்த்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் புண் கறுத்துப்போய் இருந்தது. என் விரலால் அவன் பாதத்தைத் தொட்டு அழுத்தினேன். அவன் வேறெங்கோ பார்த்தபடி என் பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அழுத்துவது அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. சீட்டைப் பார்த்துவிட்டு அவனிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"நீங்க அண்ணனா? இவருக்கு ஆறு வருஷமா சுகர். மாத்திரை போடறாரு. ஆனா எறங்கவே மாட்டேங்குது. இன்னும் ஒரு மாசத்துல எறங்கலன்னா மொதல்ல வெரல். அப்புறம் பாதம். அப்புறம் எதுவரைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவன் பீடி தேடினான். நான் மாதாவைத் தேடினேன். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "டேய், இந்தக் காலோடதான் நான் உன்ன விட்டுட்டுப் போவேன். எழுதி வச்சிக்கோ."

"எழுதறதுக்கு எனக்குப் படிப்பு வராதே" என்று சிரித்தான். அவன் ஆறாவதில் நின்றவன்.

3

சோறு குறைத்தோம். பிலோமினா கேழ்வரகுக்கு மாறினாள். ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சுகர் ஏறியிருந்தது. எப்படி என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. என் கண் முன்னால்தானே நடந்தது? கலர்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே முனையில் இருக்கிற பாய் கடைக்குச் சொல்லி அனுப்புவோம். முன்பு சின்னக் கண்ணாடி பாட்டில், ஆளுக்கு ஒன்று. இப்போது குடம் மாதிரி பாட்டில். வந்தவர் அரை கிளாஸ் குடிப்பார். மீதியை வீட்டுக்காரர்கள் முடிப்பார்கள். லூர்து ஒவ்வொரு தடவையும் முழு கிளாஸ் குடித்தான்.

எனக்கு அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. ஒரு நாடே செய்ததை ஒரு வீட்டில் செய்ய முடியாதா என்று நினைத்தேன். நான் கொண்டுபோன பிஸ்கட் டப்பா காலியாகியிருந்தது. அதன் மூடியில் ஓட்டை போட்டு, புனித அந்தோணியார் படத்தை ஒட்டி, குளிர்பெட்டிக்கு மேலே வைத்தேன். சபையைக் கூட்டிச் சொன்னேன்:

"இன்னிலேருந்து இந்த வீட்டுல யார் கலர் குடிச்சாலும் கிளாசுக்கு இருபது ரூபா இதுல போடணும். செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை அந்தோணியார் கோயில் உண்டியலுக்குப் போயிடும்."

ரோசி கேட்டாள்: "பெரிப்பா, ரசீது உண்டா?"

"மோட்சத்துல குடுப்பாங்க."

முதல் செவ்வாய்க்கிழமை டப்பாவைத் தூக்கினால் கனத்தது. எனக்குப் பயமாக இருந்தது. பிலோமினாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"மாமா, இந்த வாரம் நம்ம வீட்டுலேருந்துதான் அந்தோணியாருக்கு அதிகம்."

லூர்து என்னிடம் ஒரு கிளாசை நீட்டினான். "உனக்கும் சேத்து நாப்பது ரூபா போட்டுட்டேன். குடி. சாமிக்குப் போற காசு, வேணாம்னு சொல்லக் கூடாது."

எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா, பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அந்த டப்பாவில் காசு போடுவதற்காகவே வந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். வரி என்றால் கொஞ்சமாவது வலிக்க வேண்டும். நம் சனங்களுக்குச் சாமிக்குக் கொடுப்பது வலிக்காது, இனிக்கும். கலரின் இனிப்போடு புண்ணியத்தின் இனிப்பையும் சேர்த்து நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தோணியாரே, பாவியை மன்னியும்.

சட்டத்தைத் திருத்தினேன். படத்தைக் கிழிக்காமல் தண்ணீர் தொட்டு மெதுவாக உரித்தெடுத்தேன். "இனிமே இந்தக் காசு என் பாக்கெட்டுக்கு" என்றேன்.

"அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சி" என்றான் லூர்து. "உன் ஏரோப்ளேன் செலவுக்கு ஆச்சு. அடுத்த வருசமும் வா."

4

பாய் கடைக்குப் போய் நின்றேன். பாய் என் வயதுக்காரர். அவர் கடைக்கு அவர் அப்பா காலத்திலிருந்தே நாங்கள்தான் வாடிக்கை.

"பாய், எங்க வூட்டுக்குக் கலர் அனுப்பாதீங்க."

"ஏண்ணே, பழசு ஏதாச்சும் வந்துடுச்சா?"

விஷயத்தைப் பாதி சொன்னேன். தம்பிக்குச் சுகர் என்பதைச் சொல்லவில்லை. எல்லோர் உடம்புக்கும் ஆகாது என்று பொதுவாகச் சொன்னேன். பிரான்சில் வரி போட்டிருப்பதைச் சொன்னேன்.

பாய் விசிறியை நிறுத்தினார். "அண்ணே, நீங்க பெரிய ஊருக்குப் போயிட்டு வந்து பேசறீங்க. பட்டறையில வெயில்ல நிக்கறவன் பத்து ரூவா பாட்டில்ல ஒரு நிமிசம் குளிர்ச்சி காணறான். அதுலயும் கைய வைக்கணுமா? எனக்கு அதுல ஒரு ரூவாயோ ரெண்டு ரூவாயோ நிக்கும். இப்பவே இங்க வரி இல்லன்னு நெனைக்கறீங்களா? கலருக்குக் கொள்ள வரி."

"சர்க்கரைய அளந்து போடறாங்களா?"

"இல்ல. சர்க்கரை இல்லாத கலருக்கும் அதே வரிதான். ஆனா மாம்பழ ஜூஸுன்னு எழுதிட்டா கம்மி. அதுல இருக்கற இனிப்ப எறும்புகிட்ட கேளுங்க."

"அதத்தான் பாய் நானும் சொல்றேன். இனிப்புக்குப் போடணும். அப்போ பாட்டில் போடறவனே சர்க்கரையக் கொறைப்பான். அங்க கொறைச்சான். நான் இதே கண்ணால பார்த்தேன், ஒரே பேரு, ஒரே பாட்டில், ருசி மட்டும் வருசத்துக்கு வருசம் கொறைஞ்சுது. வெயில்ல நிக்கறவனுக்கு அதே குளிர்ச்சி கெடைக்கும். உங்களுக்கு அதே ரூவா நிக்கும்."

பாய் கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் டெல்லியில போடணும்ணே. முத்தியால்பேட்டையில போட முடியாது."

அது உண்மை. ஆனால் பாய்க்கு நான் இன்னொன்றையும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். வரி என்ன செய்யும் என்று புதுச்சேரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கனகசெட்டிக்குளம் எல்லையில் போய் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் சாராயம் விலை குறைவு என்று அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வண்டிகள் வந்து நிற்கின்றன? விலை இறங்கினால் கூட்டம் ஏறும் என்பதை நாம் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறோம். விலை ஏறினால் கூட்டம் இறங்கும் என்று சொன்னால் மட்டும் ஏன் நமக்கு நம்பிக்கை வருவதில்லை?

பாய் கலர் அனுப்புவதை நிறுத்தவில்லை. "கேட்டு அனுப்பினா இல்லன்னு சொல்ல முடியுமாண்ணே? கடை வச்சிருக்கேன்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அந்த வாரம் நான் லூர்துவின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன், அவனைக் காவல் காப்பதற்காக. அங்கேதான் என் முட்டாள்தனம் எனக்குத் தெரிந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் வேலை செய்தவன் ஒரு பாட்டிலைக்கூடத் தொடவில்லை. பானையில் மொண்டு தண்ணீர்தான் குடித்தான். வேலையாட்கள் கலர் குடித்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் புண்ணுக்கு மருந்து போடும்போது கேட்டேன்.

"லூர்து, உனக்குக் கலர் மேல ஆசையே இல்லையே. அப்புறம் ஏண்டா குடிக்கற?"

அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்.

"ரோசிக்கு எடம் பாக்கறோம்ல. வர்றவன் முன்னாடி நான் கிளாச தள்ளி வச்சா மொதக் கேள்வி என்னா வரும்? 'என்னா லூர்து, சுகரா?' அவ்ளோதான். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ரெட்டியார்பாளையத்து மாப்பிள்ள வூட்டுக்குப் போய்ச் சேந்துடும். அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பாங்க. அவளுக்கு சுகர் இல்லன்னு சீட்டு கட்டிக்கிட்டா திரிய முடியும்? ஒரு கிளாஸ் குடிச்சா போதும், ஒருத்தனும் கேக்க மாட்டான்."

நான் கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். என் தம்பி தனக்கு வியாதி இல்லை என்று காட்டுவதற்காக வியாதியைக் குடித்துக்கொண்டிருந்தான். இன்னொன்றும் அப்போது விளங்கியது. அந்த வீட்டுக்கு அப்படி ஆள் மேல் ஆள் வந்தது எதற்கு? பிரான்சிலிருந்து வந்தவனைப் பார்க்க. என்னைப் பார்க்க வந்த கூட்டம்தான் அவன் காலைத் தின்றுகொண்டிருந்தது.

5

ரெட்டியார்பாளையத்து மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். இரண்டாம் தடவை வருகிறார்கள். அநேகமாக முடிந்த மாதிரிதான். தவக்காலத்துக்கு முன்னால் நிச்சயம், உயிர்ப்புத் திருநாள் கழிந்து கல்யாணம் என்று பேச்சு. பையன் நல்ல பையன், கம்பெனி வேலை. அவன் அம்மா கைம்பெண், தனியாக நின்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கண்டிப்பான பார்வை.

பூசைக்குப் போய்விட்டு வந்து லூர்து புதுச் சாக்ஸ் போட்டுக்கொண்டான். கட்டு தெரியக் கூடாதாம். ஆரஞ்சுக் கலர் வந்தது. பிலோமினா நல்ல கிளாஸ்களை இறக்கி ஊற்றினாள். அந்த அம்மா ஒரு கிளாசை எடுத்துக்கொண்டு, மரியாதைக்கு லூர்துவிடம் சொன்னார்:

"நீங்களும் எடுத்துக்குங்கண்ணே."

லூர்து கையை நீட்டினான். டாக்டரம்மா சொன்ன ஒரு மாதத்தில் இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசக் கூடாது என்று வீட்டில் எனக்கு உத்தரவு. பேசவில்லை. அவன் கிளாசின் மேல் என் உள்ளங்கையை மூடி வைத்தேன், அவ்வளவுதான். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

லூர்து என்னைப் பார்த்தான். பிறகு கதவோரம் நின்ற மகளைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

"எனக்கு வேணாம்மா. எனக்கு சுகர். ஆறு வருசமா."

அந்த அம்மா கிளாசைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கு?"

ரோசியே பதில் சொன்னாள். "டெஸ்ட் எடுத்தாச்சு அத்தை. இப்போதைக்கு இல்ல. நாளைக்கு வரலாம். வராமயும் போவலாம்."

பையன் மெல்லச் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

"போன தடவ வந்தப்போ என் முன்னாடியே ரெண்டு கிளாஸ் குடிச்சிங்களேண்ணே."

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு சுகர்லதான் போனாரு. எனக்கு சுகர் பயமில்ல. ஆறு வருசம் மறைச்ச வூடு வேற என்னா மறைக்கும்னுதான் பயம்."

மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோசி அழவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருப்பாங்க, பெரிப்பா. அந்த அம்மா நல்ல அம்மா" என்று மட்டும் சொன்னாள். பிலோமினா என்னிடம் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் பேசியதை என் காது இன்னும் மறக்கவில்லை.

"நீங்க ஏரோப்ளேன் ஏறிடுவீங்க மாமா. நாங்க இந்தத் தெருவுலதான் இருக்கணும்."

சரியான வார்த்தை. வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு வந்து உண்மை பேசுவது சுலபம். அவன் பேசிவிட்டுப் போன உண்மையோடு குடும்பம் நடத்த வேண்டியவர்கள் வேறு ஆட்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் அந்தக் கிளாசை மூடுவேன் என்றும் சொன்னேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு லூர்து ஒரு சொட்டுத் தொடவில்லை. தெரு முழுக்கத் தெரிந்த பிறகு நடித்து என்ன ஆகப்போகிறது? சுகர் இறங்கியது. ஆனால் கொஞ்சம் பிந்திப் போயிற்று. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பாதம் தப்பியது. நான் விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு அவன் கட்டோடு நடந்து கோயிலுக்கு வந்து, மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினான்.

6

திரும்பி வந்ததும் அவனை இங்கே கூட்டி வந்து ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அலைந்தேன். எங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சியில், விருந்தாளியை அழைப்பதற்கு ஒரு சான்று வாங்க வேண்டும். வீடு எத்தனை சதுர மீட்டர், அவன் எங்கே படுப்பான், ஓய்வூதியச் சீட்டு எங்கே, வீட்டு வாடகைச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். நான்காம் தடவை போனபோது, படிவத்தில் 'வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'தம்பி' என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு வேறு தாள் கொடுத்தாள். அதற்குள் லூர்து போனில், "புண்ணு ஆறிடுச்சிண்ணே, உன் ஊர்ல குளிரு. எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டான். காகிதங்கள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

என் மகள் சோபி இங்கே ஆஸ்பத்திரியில் உதவி வேலை செய்கிறாள். தமிழ் புரியும், பதில் பிரெஞ்சில் வரும். கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது. அவளிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். "அவர் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை?" என்று கேட்டாள். எத்தனை விதமாகச் சொல்லியும் அவளுக்கு அது விளங்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு 'வேண்டாம்' என்பது ஒரு வார்த்தை. நமக்கு அது ஒரு வீட்டின் மானம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அன்றைக்கு நான் அளந்து பார்த்தேன். அதற்காக அவளைக் கோபிக்கவில்லை. அவள் அந்த வார்த்தையைப் பயமில்லாமல் சொல்லக் கற்றிருக்கிறாளே என்று ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

அந்தப் பேச்சில்தான் எனக்கு ஒன்று வெளிச்சமாயிற்று. இங்கே எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு வீட்டில் கூடுவோம். முன்பெல்லாம் மேசை நிறையப் பெரிய பாட்டில்கள் இருக்கும். வரி ஏறிய பிறகு ஒரு நாள் ஒரு அம்மா இஞ்சி டீ கொண்டு வந்து வைத்தார். "கலர் வெல ஏறிப்போச்சுங்க, அதான் டீயே போட்டுட்டேன்" என்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆளுக்கு ஒரு கப் எடுத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டினோம். அடுத்த வாரம் அடுத்த வீட்டிலும் டீ. அந்த அறையில் எத்தனை பேர் மனசுக்குள் மூச்சு விட்டிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. யாரும் வியாதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, யாரும் விருந்தோம்பலில் குறைந்தவர்களாகவும் ஆகவில்லை. பழியெல்லாம் வரியின் தலையில்.

இதைச் சொன்னதும் சோபி இல்லையென்று தலையாட்டினாள். "பப்பா, வரி அதுக்காக இல்ல. கம்பெனி சர்க்கரையைக் குறைக்கணும், அதுக்குத்தான்" என்று அவள் பாணியில் பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னாள். அவள் சொல்வது சரி. நான் சொல்வதும் சரி. பெரியவர்கள் வேறு கணக்கோடு போட்ட வரி, எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒரு மரியாதையான சாக்கையும் கொடுத்தது. லூர்துவுக்கு அந்தச் சாக்கு இருந்திருந்தால் அவனுக்கு இன்று பத்து விரல் இருக்கும்.

ஆகவே கேட்கிறேன். ஊரில் நாலு பேர் கூடும் இடத்தில் இதைப் பேசுங்கள். சர்க்கரையை அளந்து வரி போடச் சொல்லி, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லுங்கள். ஏழை வயிற்றில் அடிக்கிறாயே என்று என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஒரு நாள் நின்று, கட்டுப் போட்ட கால்கள் யாருடையவை என்று பாருங்கள். பணக்காரன் கால் அங்கே ஒன்றும் இல்லை.

7

வரி வரும்போது வரட்டும். லூர்து காத்திருக்கவில்லை.

அவர்கள் தெருவில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வார்கள், செபம் முடிந்ததும் அந்த வீட்டார் கலர் கொடுப்பார்கள். போன வாரம் லூர்து வீட்டு முறை. ரோசி போனை அலமாரியில் சாய்த்து வைத்து, நானும் இங்கிருந்து செபம் சொல்லும்படி செய்திருந்தாள். எனக்குப் பகல், அவர்களுக்குச் சாயங்காலம். அவளுக்கு இப்போது வேறொரு இடம் பேசுகிறார்கள். முதல் போனிலேயே அப்பாவின் சுகரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறாளாம்.

செபம் முடிந்தது. பிலோமினா தட்டைக் கொண்டு வந்தாள். கிளாஸ்களில் சீரகத் தண்ணீர். கூட்டத்தில் யாரோ, "என்னா லூர்து, பாய் கடை லீவா?" என்றார். சிரிப்பு.

லூர்து எழுந்து நின்றான். அந்தக் காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நிற்பது இப்போது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

"கடை தொறந்துதான் இருக்கு. எனக்கு சுகர். வெரலு போனது ஒங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா நான் என் வாயால சொன்னதில்ல. இப்போ சொல்றேன். இனிமே இந்த வூட்டுல கலர் கெடையாது. யாருக்கு இருக்குதோ அவங்க கூச்சப்படாம இந்தத் தண்ணியக் குடிங்க. இல்லாதவங்களும் குடிங்க, அப்போ யாருக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

பிறகு மூலையில் இருந்த பெரியவர், ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், "எனக்கும்தாம்பா" என்று கையை நீட்டி ஒரு கிளாஸ் எடுத்தார். அடுத்து ஒரு பெண். அடுத்து எதிர் வீட்டு அம்மா, நேர்ந்துகொண்டு வந்து கலர் குடித்தாரே, அவர். நான் இங்கே போனைப் பிடித்தபடி வாய் விட்டு அழுதேன்.

தட்டு காலியாயிற்று. பிலோமினா அதைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் உள்ளே போகவில்லை.

"எனக்கும் இருக்கு" என்றாள். "ரெண்டு வருசமா. இவருக்கே தெரியாது."

கூட்டம், அன்பியம், போனில் நான், எல்லாம் லூர்துவுக்கு மறந்துபோயிற்று. அவள் கையிலிருந்த தட்டை வாங்கித் தரையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அடிப்பாவி. உக்காரு மொதல்ல" என்று சொல்லி, அவள் முன்னால் சிரமப்பட்டு மண்டியிட்டான். "காலக் காட்டு."